செந்தூலை விட்டுத் தோட்டப் பக்கம் குடிபோனோம், இப்போது திரும்பி வர நினைக்கிறேன்

தோட்டத்து மகன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள். 2022 பிப்ரவரியில் கோலாலம்பூர் செந்தூலில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, பேராக்கில் சுங்காய்க்கும் பீடோருக்கும் இடையே ஒரு சிறிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிக் குடிபோனோம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். முடிவெடுத்தவன் நான். அது தவறு என்று இப்போது தினமும் தோன்றுகிறது. வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது 800 சதுர அடிக்குள் ஐந்து பேர் அடைந்து கிடந்தோம். பதினோராவது மாடி. கீழே ஊஞ்சலைச் சுற்றி நாடா கட்டிவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து பல நாள் தண்ணீர் வரவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது லிஃப்ட் நின்றுவிடும். அம்மாவுக்கு அப்போது 65 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), முழங்கால் வலி. ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யாமல், அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏழாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தேடிக்கொண்டு இறங்கிய நான் அதைப் பார்த்தேன். அன்றே இந்த இடம் வேண்டாம் என்று மனதில் விழுந்துவிட்டது. எனக்கும் அப்போது வேலை வீட்டிலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

அம்மா பிறந்து வளர்ந்தது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எட்டு வயது வரை எனக்கும் அதுதான் ஊர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவது, தம்பி தங்கைகளைப் பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் விடுவது, மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் விளக்கு எரிவது, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாய் போட்டு ராத்திரி பத்து மணி வரை பேசுவது என்று அம்மா சொல்லச் சொல்ல எங்களுக்குத் தெவிட்டாது. கடைசிக் காலத்தில் அம்மா அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். 1989இல் விட்டு வந்த ஊர் அப்படியே காத்துக்கொண்டிருக்கும் என்று நம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் அங்கே நம் சனம் இல்லை. பால் மரத்தை (ரப்பர் மரத்தை) எப்போதோ வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டுவிட்டார்கள். லயத்து வீடுகளில் பாதி இடிந்து கிடக்கிறது, மீதியில் வங்காளதேசத்து, நேப்பாளத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை இப்போது அவர்கள் படுகிறார்கள். ஆனால் அம்மாவுக்கு அவர்களோடு பேச மொழி இல்லை. கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசாரி மோட்டாரில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார். எங்கள் தாமானில் தமிழ்க் குடும்பங்கள் பன்னிரண்டு என்று வாங்கும்போது சொன்னார்கள். அதில் ஏழு வீடு பூட்டியே கிடக்கிறது. எல்லாரும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள், தீபாவளிக்குத்தான் வருகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, வெளியே கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வாசல் கம்பிக் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். எங்கேயும் போவதற்கில்லை. ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன் சத்தத்துக்குக் காத்திருப்பார். அவர் நம்ம ஆள். வண்டியை நிறுத்தி ஒரு பன் கொடுப்பார், இரண்டு நிமிடம் பேசுவார், போய்விடுவார். அம்மாவுக்கு இனிப்பு நீர், அந்தப் பன்னைச் சாப்பிடக் கூடாது. போன மாதம் நான் குளிர்பெட்டியின் மேல் துடைக்கப் போனபோது பிரிக்காத பன் பொட்டலங்கள் ஒன்பது இருந்தன.

செந்தூலில் அம்மா காலையில் கீழே இறங்கினால் பதினொரு மணிக்குத்தான் வருவார். பாசார் (சந்தை), கோயில், கீழ்வீட்டு அக்கா, நாலாவது மாடிப் பாட்டி. எல்லாம் கால்நடையாகவே. இங்கே கார் இல்லாமல் உப்பு வாங்கக்கூட முடியாது. கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டால் வருவதில்லை. என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான நானும் இப்போது வீட்டில் இல்லை. 2023இல் வாரம் மூன்று நாள் அலுவலகம் வரச் சொன்னார்கள், போன ஆண்டிலிருந்து ஐந்து நாளும் வர வேண்டும் என்றாகிவிட்டது. செந்தூலிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிறு ராத்திரி வந்து வெள்ளி ராத்திரி திரும்புகிறேன். பட்டணம் வேண்டாம் என்று சொன்ன நான் பட்டணத்தில் இருக்கிறேன், யாருக்காகப் போனோமோ அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 2. அவள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை, தமிழ்ப் பிள்ளைகள் போதவில்லையாம். மகன் நான்காம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி. மொத்தம் 30 பிள்ளைகூட இல்லை, இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பில் நடத்துகிறார்கள். அவன் மட்டும் சந்தோஷமாக இருக்கிறான்.

திரும்பி வந்துவிடலாமா? விற்ற விலைக்கு இப்போது செந்தூலில் வீடு கிடைக்காது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாசார் அக்கா:

தம்பி, அந்தப் பன் பொட்டலத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். நான் செந்தூலிலேயே நாற்பது வருசம். என் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் அண்ணன் அவரை ரவாங்கில் பெரிய வீட்டுக்குக் கூட்டிப் போனார். ரவாங் என்ன தூரம், கொமுட்டர் ரயில் ஏறினால் வந்துவிடலாம். அப்படியும் அப்பா தினமும் காலையில் ரயில் ஏறிச் செந்தூல் வந்து ஒட்டுக்கடையில் ஒரு தே குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். வயசானவர்களுக்கு வீடு பெரிசா சின்னதா என்பது கணக்கில்லை. காலையில் எழுந்தால் யார் முகத்தைப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு.

ஒரு கேள்வி. போவதற்கு முன்னால் அம்மாவைக் கேட்டீர்களா? வீட்டைக் கூட்டிப்போய்க் காட்டினீர்களா?

தோட்டத்து மகன்:

இல்லை அக்கா. மாநில எல்லை தாண்ட அனுமதி வந்ததும் 2021 நவம்பரில் நான் மட்டும் போய்ப் பார்த்து முன்பணம் கட்டினேன். அம்மாவிடம் படம் காட்டினேன். "நல்லா இருக்குய்யா" என்றார். அம்மா எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

கம்பத்து வீடு:

சகோதரரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கிராமத்துக்குப் போனதே தப்பு என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் கெப்போங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் பக்கம் வந்து ஆறு வருசம் ஆகிறது. பட்டணத்துக்குத் திரும்ப மாட்டோம். பிள்ளைக்கு மூச்சிரைப்பு குறைந்தது, பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, பத்துக் கோழி. ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது.

வித்தியாசம் எங்கே என்றால், நானும் மனைவியும் இருவரும் ஓட்டுவோம், என் மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளி. வருவதற்கு முன் ஒரு வருசம் வாடகைக்கு இருந்து பார்த்தோம். அந்த ஒரு வருசத்தில் எங்கே வெள்ளம் ஏறும், எந்த வீட்டுக்குக் குரங்குக் கூட்டம் வரும், எந்த மூலையில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் விற்றுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதுதான் இடிக்கிறது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் அங்கே இல்லை. உங்கள் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டால் இதில் பாதி தீர்ந்துவிடும். ஆட்டோ கியர் உரிமம் என்றே தனியாக எடுக்கலாம், கஷ்டமில்லை. ஓடிவருவதற்கு முன் அதைச் செய்து பாருங்களேன்.

வாத்தியார்_ஈப்போ:

நான் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பள்ளிகளில். ஐயா எழுதியதில் ‘நம் சனம் இல்லை’ என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சனம் ஒரே நாளில் போகவில்லை. பால் மரத்துக்கு நிறைய ஆள் வேண்டும், விடியற்காலை மரத்துக்கு மரம் பட்டை சீவிப் பால் எடுக்க வேண்டும். செம்பனைக்கு அத்தனை பேர் தேவையில்லை. மரம் மாறியதும் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. பட்டணத்துப் பக்கம் இருந்த தோட்டங்களை வீடு கட்ட விற்றார்கள், வீட்டோடு சேர்ந்த வேலை போனதும் வீடும் போனது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு சனங்கள் போனதை நான் பள்ளி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு லாரிக்கும் வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர், நான்கு பெயர் அடிப்பேன். உங்கள் குடும்பமும் 1989இல் அப்படிப் போனதுதானே. போனவர்கள் யாரும் திரும்பவில்லை, நீங்கள் மட்டும் திரும்பினீர்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 1996 கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்குச் சாத்தியமாக இருக்கும்போது தமிழ் வகுப்பு வைக்க வேண்டும். பழைய 1923 தொழிலாளர் சட்டத்தில் தோட்டத்தில் பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கவேண்டியது நிர்வாகத்தின் கடமை. அப்போது பத்துப் பேரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மகள் பள்ளியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? எல்லாப் படிவத்தையும் சேர்த்து எண்ணுங்கள். 15க்கு ஒன்றிரண்டு குறைந்தால்கூடத் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், பேசினால் வழி பிறந்ததை நான் கண்டிருக்கிறேன். வகுப்பு இல்லாவிட்டாலும் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழி எழுதப் பதியலாம். வெளியே படித்து எழுதுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவளை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

பையனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 150 பேருக்குக் குறைவான பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள், தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை ஏராளம். சேர்த்து நடத்தும் வகுப்பில் நல்ல ஆசிரியர் வாய்த்தால் பிள்ளை நன்றாகவே படிப்பான். மேல் வகுப்புப் பாடம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் நீங்கள் அவனைக் கூட்டிப் போனால் அந்தப் பள்ளிக்கு ஒரு பெயர் குறையும். இது உங்கள் பொறுப்பு இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்து மகன்:

ஐயா, எண்ணிப் பார்த்தோம். மகளே எண்ணினாள். பதினொரு பேர். மற்றப் பெற்றோர் சிலரிடம் பேசினேன். இரண்டு பேர் "தமிழ் எடுத்தால் மதிப்பெண் குறையும், விடுங்க" என்றார்கள்.

வாத்தியார்_ஈப்போ:

அந்தப் பேச்சை 31 ஆண்டும் கேட்டேன். விடாதீர்கள்.

நான் அந்த மகள்:

இதில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு 27 வயது. நான் படிவம் 1 படிக்கும்போது அப்பா எங்களை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கெடாவில் அவருடைய ஊருக்குக் கூட்டிப் போனார். காரணம் வேறு, ஆனால் நிலைமை இதேதான். அண்ணே, உங்கள் மகள் உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரும் அப்பாவிடம் சண்டை போட யாருக்கும் மனசு வராது.

எனக்கு எது வலித்தது தெரியுமா? தோழிகள் போனதைவிட, தனியாக எங்கேயும் போக முடியாமல் போனது. பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டு வயதிலேயே நூலகத்துக்கும் நடன வகுப்புக்கும் நானே நடந்து போவேன். ஊரில் 16 வயதிலும் யாராவது ஏற்றிப்போக வேண்டும். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று மெல்ல மெல்ல எதையும் கேட்பதையே விட்டுவிட்டேன். நடனத்தையும் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை அது ஏன் என்று தெரியாது, எனக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் நினைக்கிறார்.

அவள் எதையாவது கேட்பதை நிறுத்தியிருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

ஊசி போடும் அக்கா:

நான் அரசு கிளினிக்கில் வேலை செய்கிறேன். அம்மாவைப் பற்றி இரண்டு விஷயம். இடம் மாறினால் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய மருத்துவமனையின் மருந்துச் சீட்டைக் காட்டி, தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசு கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. அஞ்சலில் அனுப்பும் சேவையும் இருக்கிறது. மருந்தகத்தில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள், பலர் கேட்பதே இல்லை. கிளினிக் கட்டணம் அங்கேயும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

ஆனால் கண்ணையும் காலையும் வருசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ஈப்போ போய் வர ஒரு நாள் ஆகுமே என்று தள்ளிப் போட்டிருந்தால் இந்த மாதமே கூட்டிப் போங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதை நான் நிறையப் பார்க்கிறேன். சாப்பாடு மட்டும் காரணமில்லை. நடை நின்றுபோவதும் காரணம். செந்தூலில் காலையில் இறங்கி பதினொரு மணிக்கு வந்தாரே, அந்த நடை இப்போது எங்கே?

தோட்டத்து மகன்:

உண்மைதான் அக்கா. கண் பரிசோதனையை இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். நான் விடுமுறை எடுத்தால்தான் கூட்டிப்போக முடியும் என்று அம்மாவே "அப்புறம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார். சர்க்கரை அளவும் ஏறித்தான் இருக்கிறது.

கணக்கு சரிபார்ப்பவர்:

வீட்டை உடனே விற்காதீர்கள். சொத்து ஆதாய வரியைக் கவனியுங்கள். குடிமக்களுக்கு, வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து 2022 முதல் இல்லை. லாபத்தின் மேல்தான் வரி, லாபமே இல்லை என்றால் வரியும் இல்லை. தவிர, சொந்தமாகக் குடியிருந்த ஒரு வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு தடவை விலக்கு கேட்கலாம். செந்தூல் வீட்டுக்கு அதை ஏற்கனவே பயன்படுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். பயன்படுத்தாமல் இருந்தால், சின்ன லாபத்துக்காக இப்போது செலவழிக்க வேண்டாம்.

என் கணக்கு இது. உங்கள் அறை வாடகை, வாரா வாரம் டோல், பெட்ரோல், தனிச் சாப்பாடு நான்கையும் கூட்டுங்கள். அதோடு பேராக் வீட்டை வாடகைக்கு விட்டால் வருவதைச் சேருங்கள். செந்தூலில் மூன்றறை வீட்டு வாடகைக்குப் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும் என்று நினைக்கிறேன். கார் ஒன்று போதும். மாதம் 50 வெள்ளிப் பயண அட்டையில் ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் போகலாம். வாங்குவதைப் பற்றி இரண்டு வருசம் கழித்து யோசிக்கலாம்.

கம்பத்து வீடு:

கணக்கு சொன்னது நியாயம். நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். மனைவி ஓட்டக் கற்றால் பாதி தீரும் என்றேன். அந்தத் தங்கை எழுதியதைப் படித்தபிறகு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. நேற்று அவளிடம் உட்கார்ந்து பேசினேன்.

பாசார் அக்கா:

தம்பி, எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலி. பாசாருக்கு நடந்தே போகலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டாயமில்லை, அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இந்த முறை கேட்டுவிட்டு.

தோட்டத்து மகன்:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் விடுமுறை எடுத்து வீட்டுக்குப் போனேன். அம்மாவை ஈப்போ கூட்டிப்போய்க் கண் பார்த்தாயிற்று. இடது கண்ணில் லேசான பாதிப்பு தொடங்கியிருக்கிறது, தொடர்ந்து பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார் மருத்துவர். வரும் வழியில் காரில் கேட்டேன். "அம்மா, நீங்க தோட்டத்துல இருக்கணும்னு ஆசப்பட்டீங்கன்னுதானே வந்தோம். இப்ப திரும்பிப் போலாமா?"

கொஞ்ச நேரம் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "நான் தோட்டத்தப் பத்திப் பேசுனேன். தோட்டத்துக்குப் போவணும்னு எப்பய்யா சொன்னேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். முப்பது வருசமாக அம்மா சொன்ன கதைகளில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

மகளிடமும் பேசினேன். சகோதரி, நீங்கள் சொன்னது சரி. செந்தூலில் பூப்பந்து பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இங்கே வந்த முதல் வருசம் பயிற்சி எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாள், அதன்பிறகு கேட்கவில்லை. மட்டையை உறை கழற்றாமல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். தமிழ் வகுப்பு வைக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வாத்தியார் ஐயா, பையனுடைய பள்ளியில் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், கடைசி நேரத்தில் சொல்வது முறையில்லை என்று பட்டது. தலைமையாசிரியை ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவன் அழுதான். அவனுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

மனைவி, "வீடு கிடைக்கிறதோ இல்லையோ, நான் ஓட்டக் கத்துக்கிறேன்" என்கிறாள். பீடோரில் பதிந்துவிட்டாள். வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விடப் போகிறோம்.

பாசார் அக்கா, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வருகிறோம். அம்மாவும் வருகிறார்.